வெள்ளை விழும் வரை

ரியாக்டரின் கண்ணாடியில் ஆப்பரேட்டர் நெட்டை மறுபடி டார்ச் அடித்துப் பார்த்தார். உள்ளே அயோடைடு குளோரினைத் தள்ளிவிட்டு அதன் இடத்தில் உட்கார்ந்தால் உப்பு பிரிந்து, பால் ஊற்றியதுபோல் வெள்ளை விழ வேண்டும். நான்கு மணி நேரமாகியும் தண்ணீராய்த் தெளிந்து கிடந்தது. மாலைக்குள் சரக்கு இறங்காவிட்டால் மேனேஜர் குதிப்பார். அதனால்தான் தலைமை ஆய்வகத்திலிருந்து அவளை வரவழைத்திருந்தார்கள்.

பதினாறு வருஷத்துக்கு முன் அவள் இங்கேதான் லேபில் இருந்தாள். அப்போது இதே வினையை ஆல்கஹாலில் ஓட்டுவார்கள். வெள்ளை விழ ஒரு முழு ஷிப்ட் ஆகும். மணிக்கொரு தரம் மாதிரி எடுக்கப் பாட்டிலோடு வருவாள். வந்தால் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்துவிடுவாள். டிரம் உருட்டி வெடித்த கைகளை நெட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்வார். கேட்க ஒன்று இருந்தது. நாளைக்குக் கேட்கலாம், பேட்ச் எங்கே ஓடிவிடப் போகிறது என்று தள்ளிப்போட்டார்.

ஒருநாள் அவளே ஆல்கஹாலை நிறுத்தி அசிட்டோன் ஊற்றச் சொன்னாள். அரை மணியில் வெள்ளை விழுந்தது.

“ஆல்கஹால் அயோடைடைச் சுத்திப் பிடிச்சுக்கும், விடாது. அசிட்டோன் கண்டுக்காது. அதான் ஓடிப்போய் வேலையைப் பார்க்குது.”

“அப்ப நம்ம சூப்பர்வைசர் அசல் ஆல்கஹாலுங்க. ஒருத்தனையும் வேலை செய்ய விடமாட்டாரு.”

பாட்டில் குலுங்கச் சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் பேட்ச் முடிந்திருந்தது. அந்தக் கெட்டிக்காரத்தனத்துக்காகவே மறு மாதம் தலைமை ஆய்வகத்துக்குத் தூக்கிவிட்டார்கள். தங்கைகளைக் கரையேற்றி நிமிர்ந்தபோது நெட்டைக்கு நாற்பது தாண்டியிருந்தது.

இப்போது அவள் காகிதத்தைப் புரட்டினாள். காதோரம் நரை.

“நெட்டையாரே, சரக்கையே மாத்திட்டாங்க. பழசோட மூலக்கூறு நேரா நீண்ட சங்கிலி. இதுல குளோரின் ஒட்டின இடத்துலயே ஒரு கிளை நிக்குது. அயோடைடு பின்பக்கமா வந்துதான் நுழையணும். கிளை வழியை மறிச்சா அசிட்டோன் பாவம் என்ன பண்ணும்?”

“அப்ப நடக்கவே நடக்காதா?”

“நடக்கும். மெதுவா நடக்கும்.” காகிதத்தை மடித்தாள். “கல்யாணம் ஆச்சா?”

“இல்லீங்க. உங்களுக்கு?”

“ஆச்சு. முடிஞ்சும் போச்சு.”

அவள் வெப்பமானியை எட்டிப் பார்த்தாள்.

“இன்னும் பத்து டிகிரி சூடு ஏத்தலாம்,” என்றாள் அவள். “சீக்கிரம் முடிஞ்சிடும். மேனேஜரும் கத்தமாட்டாரு. ஏத்திடலாமா?”

நெட்டையின் கை தன்னால் நீராவி வால்வுக்குப் போனது. போன கை அதைத் திருப்பவில்லை.

“கத்தினா கத்தட்டும். உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்.”

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். மூலையில் கிடந்த வாளியைக் காலால் இழுத்துக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தாள். கண்ணாடிக்குள் இன்னும் ஒரு துளி வெள்ளை இல்லை.