கீறல்களை நீக்கு

1

ஒரு கடிதத்தை எழுதாமல் தள்ளிப்போடுவதற்காகத்தான் இந்தக் கதையை ஆரம்பித்தேன். மூன்று வாரமாகக் கடிதத்தில் ‘ஐயா’ என்ற சொல்லைத் தாண்டி எதுவும் ஓடவில்லை. கதை என்றால் எனக்குக் கை ஓடும். அது ஒரு வியாதி.

மர்மம் காட்டி உங்களை இழுத்துக்கொண்டு போக எனக்குத் தெம்பில்லை, விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஓர் ஆலையில் ஒருவர் வேலை செய்கிறார். சூடு கடத்தாத பஞ்சுத் தகடுகள் செய்யும் ஆலை. அவர் நிற்கும் கொட்டகையின் காற்றில் கண்ணுக்குத் தெரியாத இழைகள் மிதக்கின்றன. அப்படி ஒன்றும் பெரிதாக இல்லை என்று ஓர் அறிக்கை சொல்கிறது. அந்த அறிக்கை தப்பு. அது தப்பானதற்குக் காரணம் நான் அமைத்துக் கொடுத்த மென்பொருள். இதை நான் எழுத்தில் கொடுத்தால் அவரை வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்கள். கொடுக்காத வரை தினமும் காலை ஆறு மணிக்கு அவர் அதே கொட்டகைக்குள் போகிறார்.

இதற்கு நான் எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

‘மழை விட்டிருந்த ஒரு காலையில் அந்த இளம் பொறியாளன்...’ (எனக்கு நாற்பத்தாறு வயது. மழையும் இல்லை.)

‘மனிதக் கண் எங்கே முடிகிறதோ அங்கே இயந்திரத்தின் கண்...’ (இப்படி ஆரம்பிக்கும் கதையை நானே மூடி வைத்துவிடுவேன்.)

‘தவறு யாருடையது என்று கேட்டால்...’ (யாரும் கேட்கவில்லையே ஐயா! கேட்டிருந்தால் உளறியிருப்பேன்.)

2

ஆலைக் காற்றைச் சோதிக்கும் பரிசோதனைக் கூடத்தில் அவருக்குக் கிளிக் அக்கா என்று பெயர். இருபத்திரண்டு வருடமாக இழை எண்ணுகிறவர்.

வேலை இதுதான். ஆலைத் தொழிலாளியின் சட்டைக் காலரில் ஒரு சின்ன டப்பியை மாட்டி, இடுப்பில் ஒரு பம்பைக் கட்டி அனுப்புவார்கள். அவர் மூக்குக்குப் பக்கத்தில் இருக்கிற காற்றை அந்தப் பம்பு நாள் முழுக்க உறிஞ்சும். டப்பிக்குள் இருக்கும் வட்டத் தாளில் இழைகள் தங்கும். அந்தத் தாளை நுண்ணோக்கியில் வைத்து, நூறு இடங்களைப் பார்த்து, இழைகளை எண்ண வேண்டும். அக்காவின் இடது கையில் பேருந்து நடத்துநர் வைத்திருப்பதுபோல ஓர் எண்ணும் கருவி. ஓர் இழைக்கு ஒரு கிளிக். ஒரு முனை நுண்ணோக்கியில் தெரியும் வட்டத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதை அரை என்றுதான் எண்ண வேண்டும்.

“அரை கிளிக் எப்படிக்கா அடிப்பீங்க?” என்று முதல் நாளே கேட்டேன்.

“இன்னொரு அரை வர்ற வரைக்கும் நாக்கை மடிச்சு வச்சுக்குவேன்” என்றார். கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் உண்மையாகவே மடித்து வைத்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் பதில் வராது.

(அக்காவை இன்னும் கொஞ்சம் சோகமாக எழுதலாமா என்று யோசித்தேன். குடும்பக் கஷ்டம், தனிமை, அது இது என்று. அவருக்கு அப்படி ஒன்றும் கிடையாது. கணவர் தச்சர். இருவரும் சாப்பாட்டு நேரத்தில் போனில் சண்டை போடுவார்கள். கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அந்தச் சண்டையில் ஒரு கட்சி உண்டு.)

3

நான் செய்தது இது. இந்தப் பகுதியை மட்டும் அலங்காரம் இல்லாமல் எழுத முயல்கிறேன்.

நுண்ணோக்கியின் மேல் ஒரு கேமரா பொருத்தினேன். அது எடுக்கும் படங்களைப் பார்த்துச் செயற்கை நுண்ணறிவு இழைகளை எண்ணும். அக்கா முன்பு எண்ணி வைத்திருந்த இருநூறு தாள்களைப் படமெடுத்து ஓட்டிப் பார்த்தேன். நான்கு மணி நேரம் ஆனது. அக்காவின் எண்ணிக்கையும் மென்பொருளின் எண்ணிக்கையும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தன. அக்கா ஒவ்வொரு எண்ணையும் தன் நோட்டோடு ஒப்பிட்டுவிட்டு, “பரவால்லையே, இதுக்கும் கண்ணு இருக்கே!” என்றார்.

மறுநாள் பதினோரு மணிக்குத் தொடக்க விழா. பத்தேகாலுக்கு மேலாளர் ஒரு புதுத் தாளைக் கொண்டுவந்தார். காற்றே படாத, வெறும் தாள். “இதை ஓட்டுங்க, பூஜ்யம் காட்டினா பார்க்கிறவங்களுக்கு நல்லாப் புரியும்” என்றார். ஓட்டினேன். ஒவ்வொரு படத்திலும் மூன்று இழை என்று காட்டியது.

கேமராவின் கண்ணாடியில் மூன்று மெல்லிய கீறல்கள். விழாவுக்காக யாரோ அன்று காலை சட்டை நுனியால் துடைத்திருக்கிறார்கள். (அந்த யாரோ நான்தான்.) கண்ணாடி மாற்ற இரண்டு நாள் ஆகும். மென்பொருளில் ‘கீறல்களை நீக்கு’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் குறி போட்டேன். மறுபடி ஓட்டினேன். பூஜ்யம். மேலாளர் என் முதுகில் தட்டினார்.

நீளமாக, மெல்லியதாக, நேராக இருப்பதையெல்லாம் கீறல் என்று எடுத்துக்கொண்டு அழித்துவிடும் கட்டம் அது. இழை எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டுமா?

வளைந்தவையும் தடித்தவையும் மட்டும் தப்பின. அதனால் எண்ணிக்கை பூஜ்யம் ஆகவில்லை, குறைந்தது. பூஜ்யம் ஆகியிருந்தால் அன்றைக்கே யாராவது கேட்டிருப்பார்கள். குறி போட்ட பிறகு அந்த இருநூறு தாள்களையும் நான் மறுபடி ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். நான்கு மணி நேரம் ஆகும். விழாவுக்கு நாற்பது நிமிடம்தான் இருந்தது. விழா முடிந்ததும் ஓட்டலாம் என்று நினைத்தேன். முடிந்ததும் எல்லோரும் கைகுலுக்கினார்கள், நானும் குலுக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

* இதே அமைப்புகளை ஒரு கோப்பில் சேமித்து இன்னும் மூன்று கூடங்களில் போட்டிருக்கிறேன். ஒரு கதைக்கு ஓர் ஆலை போதும் என்று அதை அடிக்குறிப்பில் வைக்கிறேன். இது எவ்வளவு கேவலம் என்று எனக்குத் தெரியும்.

4

முதல் படியில், அந்தக் கட்டத்தில் குறி போட்டது அக்கா என்று எழுதியிருந்தேன். ‘தவறுதலாக அவர் கை பட்டுவிட்டது’ என்று ஒரு வரி. எழுதும்போது கதைக்கு நன்றாகத்தான் இருந்தது: பழைய ஆள், புதிய இயந்திரம், கை நடுக்கம். இரண்டு நாள் அந்த வரி அங்கேயே இருந்தது, நானும் நிம்மதியாகத் தூங்கினேன். பிறகு அடித்துவிட்டேன். அடித்ததற்காக என்னைப் பாராட்டிவிடாதீர்கள். அந்த வரியை எழுதியவன்தான் நான்.

5

ஆலைக் கொட்டகையில் வேலை செய்யும் அந்த மனிதரை ஒரே ஒரு முறை பார்த்தேன். மென்பொருளைப் புதுப்பிக்கக் கூடத்துக்குப் போயிருந்த ஒரு மதியம் மனைவியோடு வந்திருந்தார். அறிக்கையில் காற்று சுத்தம் என்று இருந்ததால் இடமாற்றம் கேட்ட அவருடைய மனுவை ஆலை தள்ளிவிட்டிருந்தது. வரவேற்பு மேசைக்காரர் அவர்களை என்னிடம் கைகாட்டிவிட்டார்.

“தம்பி, இந்தக் கம்ப்யூட்டர் தப்பா சொல்லாதா?” என்று அந்த அம்மா கேட்டார்.

“சொல்லாதும்மா. மனுஷங்கதான் அசதியில தப்பா எண்ணுவாங்க.”

“ராத்திரியெல்லாம் உக்காந்தே தூங்குறாரு. படுத்தா மூச்சு வாங்குது.”

“வேற காரணமா இருக்கும்மா. நல்ல டாக்டரா பாருங்க.”

அந்த மனிதர் அதுவரை சுவரில் இருந்த தீயணைப்பு விதிகளைப் படித்துக்கொண்டிருந்தார். திரும்பி, “எனக்கு இருமலே இல்லைன்னும் அதுகிட்ட ஒரு ரிப்போர்ட் வாங்கிக் குடுங்க தம்பி, வீட்டுல இவ நம்பிடுவா” என்றார். சிரித்தார். சிரிப்பு இருமலாகி, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த அம்மா அவர் முதுகைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

(இவரைக் கதையில் சாகடிக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. வாசகருக்கு மனம் கனக்கும், எனக்கும் கடிதம் எழுத வேண்டியிருக்காது.)

6

இருபத்திரண்டு நாட்களுக்கு முன் கூடத்தில் கணினி ஒரு மணி நேரம் படுத்துவிட்டது. சும்மா இருக்கப் பிடிக்காத அக்கா, பெட்டியிலிருந்து ஒரு பழைய தாளை எடுத்துக் கையால் எண்ணியிருக்கிறார். அந்த மனிதரின் தாள். அறிக்கையில் ஒன்பது என்று இருந்தது. அக்காவுக்கு அறுபத்தொன்று வந்தது. எனக்குப் போன் செய்தார்.

“தம்பி, நான் ரெண்டு தடவை எண்ணிட்டேன். உன் மெஷினுக்கு என்ன கேடு வந்துச்சு?”

“பார்க்கிறேன்க்கா.”

என் வீட்டிலிருந்தே உள்ளே நுழைந்து பார்த்தேன். ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. கீறல் விழுந்த கண்ணாடியை விழா முடிந்த மூன்றாம் நாளே மாற்றியாகிவிட்டது, குறி மட்டும் அப்படியே இருந்தது. குறியை எடுத்தேன். எடுத்ததை யாரிடமும் சொல்லவில்லை. அக்காவிடம், “எல்லாம் சரியாத்தான் இருக்குக்கா” என்றேன்.

அக்கா விடவில்லை. இரண்டு நாள் கழித்து மேலாளரிடம் போய்ச் சொன்னார். மேலாளர் அன்று வந்த ஒரு புதுத் தாளைக் கொடுத்து, அக்காவைக் கையால் எண்ணச் சொன்னார், மென்பொருளையும் ஓட்டினார். அக்காவுக்கு நாற்பத்து மூன்று. மென்பொருளுக்கு நாற்பத்து நான்கு.

“பாருங்க, உங்க கண்ணும் மெஷினும் ஒண்ணாத்தான் பேசுது. பழைய தாள்ல தூசி கீசி சேர்ந்திருக்கும், போய் வேலையைப் பாருங்க” என்று சிரித்து அனுப்பிவிட்டார்.

அக்கா பழைய தாளை மறுபடி எடுத்து எண்ணவில்லை. எண்ணப் பயந்துவிட்டதாகப் பிறகு சொன்னார். கண் மருத்துவரிடம் போய்ப் புதுக் கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தார். “வயசாயிடுச்சு தம்பி, இல்லாததெல்லாம் தெரியுது” என்று என்னிடமே சொன்னார். நான் தலையாட்டினேன். இருபத்திரண்டு வருடம் எண்ணிய அந்தக் கண்ணை நான் அவரிடமே பொய்யாக்கினேன். இதற்கு மேல் எனக்கு எந்த உவமையும் வேண்டாம்.

7

முடிவுகள்.

அ) நான் கடிதம் கொடுக்கிறேன். அறிக்கை திருத்தப்படுகிறது. அவர் கிடங்குப் பிரிவுக்கு மாற்றப்படுகிறார். எனக்கு வேலை போகிறது. (எழுத எழுத என்னை நானே தியாகியாக்கிக்கொண்டிருந்தேன். கிழித்துவிட்டேன்.)

ஆ) சும்மா இருக்கிறேன். குறியைத்தான் எடுத்துவிட்டேனே, அடுத்த முறை காற்றெடுக்கும்போது உண்மை தானாக வெளிவரும். அடுத்த முறைக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. பழைய அறிக்கை அப்படியே நிற்கும். மூன்று மாதம் என்பது எத்தனை காலை ஆறு மணி என்று கணக்குப் போட...

இ)

இ-க்காக உட்கார்ந்திருந்தபோதுதான், முடிவு இல்லாமலேயே இந்தப் பக்கங்களை அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று கேட்காதீர்கள். வாயால் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

சாப்பாட்டு நேரம். கணவரின் போனை அன்றைக்கு அவர் எடுக்கவில்லை. நான்காம் பகுதியில் ஒரு முறை என்னை நிமிர்ந்து பார்த்தார். ஆறாம் பகுதியில் புதுக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, தாளைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் படித்தார். அழுவார் என்று நினைத்தேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

“கதை நல்லா எழுதுறே” என்றார். குரல் வெறுமையாக இருந்தது.

“அக்கா...”

“பேசாதே. நான் எண்ணினது சரிதானே?”

“சரிதான்க்கா. அறுபத்தொண்ணு.”

“நான் மறுபடி போய்ச் சொன்னா யாரு நம்புவாங்க? நீ குறியை எடுத்துட்டே. யாரு வந்து பார்த்தாலும் இப்போ எல்லாம் சரியாத்தான் இருக்கும்.”

“நான் கடிதம் குடுத்துடறேன்க்கா. கதையை முடிச்சதும்...”

“நீ கதையை முடிக்கிற வரைக்கும் அந்த மனுஷன் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருக்கணுமா?”

அக்கா பக்கங்களைப் பிரித்தார். மூன்றாம் பகுதியை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு மீதியை என் பக்கம் தள்ளினார். ஒரு பேனாவை எடுத்து, அதில் ‘வீட்டுக்குப் போய்விட்டேன்’ என்பதற்குக் கீழே ஒரு கோடு போட்டார்.

“இங்கே கையெழுத்துப் போடு. தேதி போடு.”

“இது கதைக்கா. கதைக்கு யாராவது கையெழுத்துப் போடுவாங்களா?”

“இது கதைன்னு நீதான் சொல்றே. நான் சொல்லலை.”

8

முடிவு எழுத மாட்டேன். கையெழுத்துப் போட்டேன் என்று நான் எழுதினால் அதை நம்ப உங்களுக்கு ஒரு காரணமும் இல்லை. போடவில்லை என்று எழுதினால், இவ்வளவு ஒப்புக்கொள்கிறவன் போட்டிருப்பான் என்று நல்லவிதமாக நினைத்துக்கொள்வீர்கள். அந்தச் சலுகையும் எனக்கு வேண்டாம்.

என்னிடம் கேட்காதீர்கள். ஒரு காலையில் ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஆலை வாசலுக்குப் போய் நில்லுங்கள். ஆட்கள் வரிசையாக வருவார்கள். நாலு எட்டு வைத்து, நின்று, மூச்சு வாங்கி, மறுபடி நாலு எட்டு வைத்து ஒருவர் வருவார். கிடங்கு இடது பக்கம். கொட்டகை வலது பக்கம். அவர் வலது பக்கம் திரும்பினால், நான் கையெழுத்துப் போடவில்லை.