சுமலதா எடுத்த பிராசசர்

சுமலதா பிடித்தால் பிடித்த பிடிதான். ஊட்டி மார்க்கெட் பக்கத்து கம்ப்யூட்டர் கடையில் முதலாளி லிங்கசாமி ஆசையாக எடுத்து வைத்த பெரிய பிராசசர் பெட்டியை, ஒரே விரலால் அவர் பக்கமே தள்ளிவிட்டாள்.

“ஏனுங்க அம்மிணி, கேம் ஆடறதுக்குன்னே சொந்தமா மிசினு கட்டறீங்க. மிசினுக்கு மூளையே பிராசசர்தானுங்க, அதுல போயி கஞ்சத்தனம் பண்ணலாமுங்களா? இதோட படத்துக்குன்னு தனியா ஒரு கிராபிக்ஸ் கார்டும் போட்டுப் பாருங்க, சினிமாக் கணக்கா இருக்கும்” என்றார் அவர். கோயமுத்தூர்க்காரர், சரக்கு விற்பதைக்கூட விருந்துக்கு அழைப்பதுபோலத்தான் செய்வார்.

“எங்க எஸ்டேட் லயத்துக்கு இது ஆகாதுங்க. வரிசையா இருக்கிற அத்தனை வீட்டுக்கும் ஒரே கரண்டு லைனு. ரெண்டும் சேந்து கரண்டக் குடிச்சே தீத்துரும். கிராபிக்ஸ் உள்ளுக்கே இருக்கிற அந்தச் சின்னத எடுங்க.”

கூட வந்த அண்ணன் விமலுக்கு மானமே போனது. எஸ்டேட் லாரி ஓட்டுகிறவன். எது வாங்கினாலும் பெரிதாக வாங்க வேண்டும் அவனுக்கு.

“ஞாயித்துக்கெழமதானே உன் ஆட்டம்? லீவு நாளு. கொழுந்து எடுக்கப் போறாங்களா, நனைஞ்சு வந்து குளிக்க ஹீட்டர் போடப் போறாங்களா? பெருசையே எடு.”

“லீவு அன்னைக்குத்தான்ணே லயமே தலைக்குக் குளிக்கும்” என்றாள் சுமலதா.

இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. பகலில் எஸ்டேட் ஆபீசில் டைப் அடிக்கும் சுமலதா, சாயங்காலம் ஆன்லைன் துப்பாக்கி ஆட்டத்தில் புலி. கோயமுத்தூர் சுஜித் தலைமையில் ஐந்து பேர் அணி. குறி வைத்தால் தப்பாது. ஆனால் என்ன செய்ய, லயத்தில் விறகடுப்பு போய் வாளிக்கு வாளி ஹீட்டர் ராடு வந்துவிட்டது. சாயங்காலமானால் பல்பு மின்மினியாகிவிடும். பேட்டரி செத்துப்போன அவளுடைய பழைய லேப்டாப் நடுச்சண்டையில் அணைந்துபோகும். சுஜித் கறாராகச் சொல்லிவிட்டான்: “ஞாயித்துக்கிழமை ஆட்டத்தப் பாத்துத்தானுங்க போட்டிக்குப் பேரு குடுப்பேன். அன்னைக்கும் பாதியில காணாமப் போனீங்கன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்.”

அந்த இடம் சுமலதாவுக்கு வேண்டும். பிறந்ததிலிருந்து தனக்கென்று அவள் ஆசைப்பட்டது அது ஒன்றைத்தான்.

“அன்னைக்கு ஒரு மணி நேரம் ஹீட்டர் போடாதீங்கன்னு லயத்துல நான் சொல்றேன்” என்று விமல் கடைசியாக ஒரு வழி சொன்னான்.

“வாரமெல்லாம் மழையில நின்னவங்க, என் ஆட்டத்துக்காகப் பச்சத்தண்ணியில குளிக்கணுமா? நல்லாருக்குண்ணே நியாயம்!”

ஆக, சின்ன பிராசசரும் ஒரு சின்ன யூபிஎஸ்ஸும் வந்தன. கரண்டு இறங்கினால் யூபிஎஸ்ஸின் பேட்டரி தாங்க வேண்டும். பெரிய மிசினை அது கண் மூடித் திறப்பதற்குள் கைவிட்டுவிடும், சின்னதென்றால் ஒரு ஆட்டமாவது நிற்கும். அதுதான் அவள் கணக்கு. அண்ணனும் தங்கையும் சமையலறை ஓரத்தில் உட்கார்ந்து மிசினைப் பூட்டி முடித்தார்கள். படம் கொஞ்சம் மட்டம்தான். புல்லே முளைக்கவில்லை, மரமெல்லாம் அட்டையில் வெட்டியதுபோல் நின்றது. “இதுக்கு கேரம் போர்டே தேவலாம்” என்றான் விமல்.

ஞாயிறு சாயங்காலம் ஆட்டம் சூடுபிடித்த நேரத்தில் லயமும் சூடுபிடித்தது. பல்பு சிவந்து சுருங்கியது. பேட்டரிக்கு மாறிய யூபிஎஸ் கீச்சிட ஆரம்பித்தது.

“அடியே கருப்பம்மா, ஒங்க வீட்டுல என்னடி கத்துது?” என்று பக்கத்து வீட்டு வேலாயி சுவருக்கு அப்பாலிருந்து கூவினாள்.

“எம் மக சண்டை போடுறா, நீ குளி!” என்றாள் அம்மா.

மிசின் அணையாமல் தாக்குப்பிடித்தது. அணியில் ஒவ்வொருவராக விழுந்து கடைசியில் சுமலதா மட்டும் மிச்சம். எதிரணியிலும் ஒருவன், இடிந்த சுவருக்குப் பின்னால். அவன் வெளியே வரும்வரை காத்திருப்பதுதான் அவள் வழக்கம். ஆனால் கீச்சுச் சத்தம் இப்போது மூச்சு விடாமல் வந்தது. காத்திருந்தால் மிசின் செத்துவிடும். வருவது வரட்டும் என்று சுவரைச் சுற்றி நேராக ஓடினாள். அவன் திரும்பினான். சுட்டாள்.

திரை இருண்டது.

பட்டதா, படவில்லையா? அவள் விழுந்தாளா, அவன் விழுந்தானா? அம்மா கரண்டியோடு வந்து நின்றாள். போன் அடித்தது.

“எங்கிங்க போயிட்டீங்க?” என்றான் சுஜித்.

“கரண்டு...” என்றாள்.

“அட, அது கெடக்கட்டுமுங்க! அவன் விழுந்ததுக்கப்புறந்தானே போனீங்க. ஜெயிச்சாச்சு! போட்டிக்கு உங்க பேரக் குடுத்தர்றேன். ஆமா, புது மிசின்ல என்ன பிராசசருங்க?”

சொன்னாள். அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்தது.

“அந்தச் சுண்டக்காய வெச்சா அவன அடிச்சீங்க?”

சுமலதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அடிச்சது நானுங்க. நான் அடிக்கிற வரைக்கும் கூடவே நின்னுச்சு அது.”