ஊதா மஃப்ளரும் நாலு நிமிஷப் பாட்டும்

1

இந்தக் கதையை நான் ஆசைப்பட்டு எழுதவில்லை. எங்கள் ஊர்த் தியேட்டரில் ‘அல்தீனா’ என்ற ஓபராவை, அதாவது வசனமெல்லாம் பாட்டாகவே வரும் நாடகத்தை, முப்பத்தொரு வருஷம் கழித்து மறுபடி போடுகிறார்கள். பார்க்க வருகிறவர்கள் கையில் கொடுக்கும் புத்தகத்தில் இரண்டு பக்கம் காலி. “பழைய ஞாபகம் ஏதாவது எழுதிக் குடுங்க மாஸ்டர், கலகலப்பா இருக்கட்டும்” என்று இசை நடத்துகிற இலாரியா கேட்டாள். போன தடவை இதில் வேலை பார்த்தவர்களில், கண் தெரிந்து, காது கேட்டு, ஊரிலும் இருப்பவன் நான் ஒருத்தன்தான். (இது பொய். இன்னொருத்தியும் இருக்கிறாள்.)

என் பெயர் அடெல்மோ. மேடையின் முன் விளிம்பில் ஒரு குழி உண்டு. ஜனங்கள் கண்ணில் படாமல் அதற்குள் உட்கார்ந்து, பாடுகிறவர்களுக்கு ஒவ்வொரு வரிக்கும் அடியெடுத்துக் கொடுப்பது என் உத்தியோகம். ஓய்வு பெற்றவனை இதற்காகவே திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

ஞாபகக் குறிப்பு என்று உட்கார்ந்தால் கை ஓடவில்லை. சரி, கதை என்று வைத்துக்கொண்டேன். கதையென்றால் ஆளை மாற்றிவிடலாம் பாருங்கள்.

2

முதல் தொடக்கம்: “அரசனின் ஆசைநாயகி அல்தீனா மாளிகைப் படிகளில் இறங்கி வந்தபோது—”

வேண்டாம். சுவரொட்டி மாதிரி இருக்கிறது.

இரண்டாம் தொடக்கம்: “அது குளிர்காலம். போ என்னும் நதியின் மேல் பனிமூட்டம்—”

எங்கள் ஊரில் குளிர்காலத்தில் பனிமூட்டம் இல்லாமல் வேறென்ன இருக்கும்! அடித்துவிட்டேன்.

ஓபராவின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். ராஜாவுக்கு அல்தீனா என்றால் உயிர். நாட்டில் வெள்ளம் வருகிறது. எல்லாம் இவளால்தான் என்கிறார்கள் அரசவைப் பெரியவர்கள். ராஜா வாயைத் திறக்கவில்லை. அவளைக் கன்னியர் மடத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். அவ்வளவுதான். எழுதி நூற்றைம்பது வருஷத்தில் ஐந்து தடவைகூட மேடை ஏறவில்லை. ஏறாததில் தப்பும் இல்லை, சரியான இழுவை. ஒரே ஒரு நல்ல பாட்டு இருக்கிறது, அதுவும் வேலைக்காரிக்கு. மூன்றாம் அங்கத்தில் எஜமானியின் துணிகளை மடித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே பாடுவாள். நாலு நிமிஷம்.*

* சின்னப் பாடகிகளுக்குக் கொடுக்கும் இந்த மாதிரிப் பாட்டை ‘ஐஸ் பாட்டு’ என்போம். அந்தக் காலத்தில் இது ஆரம்பித்ததும் ஜனங்கள் எழுந்துபோய் ஐஸ் வாங்கித் தின்பார்களாம். போன தடவை இதைப் பாடவிருந்த எர்சீலியா ஒத்திகையில் பாடினபோது விளக்குக்காரன்கூட ஏணியில் அப்படியே நின்றுவிட்டான்.

3

எர்சீலியா பதினாறு வருஷமாக வேலைக்காரியாகவே பாடினவள். தட்டு ஏந்துவாள், கடிதம் கொடுப்பாள், “எஜமானி வருகிறார்” என்பாள். தனிப் பாட்டென்று கிடைத்தது இது ஒன்றுதான். அப்போது அவளுக்கு முப்பத்தொன்பது வயது.

“ஒத்திகை அறை நாற்காலியில் ஒரு ஊதா மஃப்ளர் கிடந்தது. அது யாருடையது என்று யாருக்கும் தெரியவில்லை.”

(இந்த இரண்டு வாக்கியங்களும் நான் எழுதிய மூன்று பிரதிகளிலும் மாறாமல் இருக்கின்றன. முதல் வாக்கியம் நிஜம்.)

எங்கள் தியேட்டர்களுக்கு ஊதா ஆகாது. ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்களான தவக்காலத்தில் பாதிரியார் உடுத்தும் நிறம் அது. முன்னெல்லாம் அந்த நாற்பது நாளும் தியேட்டரை மூடிவிடுவார்கள், பாடுகிறவன் பட்டினி கிடப்பான். இப்போது யாரும் பட்டினி கிடப்பதில்லை, பயம் மட்டும் போகவில்லை. அன்று காலையில்தான் ராஜாவாகப் பாடுகிறவர் படியில் விழுந்து கணுக்கால் வீங்கியிருந்தது. அந்த நேரம் பார்த்து, அல்தீனாவாகப் பாடவிருந்த ஓர்னெல்லா மஃப்ளரைப் பார்த்துவிட்டாள்.

“ஐயோ! எவ கொண்டாந்தா இதை?”

அது எர்சீலியா வழக்கமாக உட்காரும் நாற்காலி.

“என்னை ஏன் எல்லாரும் பாக்கறீங்க? நான் வரும்போதே கிடந்துச்சு.”

“உன் நாற்காலியில வேற யாரு போடுவா? ராஜாவோட காலை உடைச்சாச்சு, அடுத்து என் தொண்டையா?”

ஆம்பளைகள் எல்லாரும் பைக்குள் கைவிட்டுச் சாவிக்கொத்தைத் தொட்டார்கள். இரும்பைத் தொட்டால் பீடை அண்டாது. நானும் தொட்டேன்.

அவள் பாடினால் நான் பாடமாட்டேன் என்று ஓர்னெல்லா ஒற்றைக்காலில் நின்றாள். பாட்டு போயிற்று. இசைப் பிரதியில் அந்த ஆறு பக்கங்களையும் சேர்த்து ஊசிநூலால் தைத்துவிட்டார்கள். பாட்டோடு போயிருந்தால் பரவாயில்லை. அதற்கப்புறம் எர்சீலியா காபிக் கடைக்குள் நுழைந்தாலே சாவிகள் குலுங்கும். ராசி கெட்டவள் என்ற பேச்சு பக்கத்து ஊர்த் தியேட்டர்களுக்கும் போய்ச் சேர்ந்தது. மறுவருஷம் ஒருத்தரும் கூப்பிடவில்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

4

முடிவு ஒன்று: அர்ஜென்டினாவிலிருந்து வந்த பாடகர் ஒருவர் எர்சீலியாவைக் கல்யாணம் செய்து கூட்டிப் போகிறார். அங்கே அவள் பெரிய பாடகியாகி—

முடிவு இரண்டு: மஃப்ளரை வைத்தது ஓர்னெல்லாதான், பொறாமையில். (ஓர்னெல்லா செத்துப் பதினோரு வருஷம் ஆகிறது, மறுத்துப் பேச மாட்டாள்.)

இரண்டையும் கலந்து எழுதியே விட்டேன். படித்தால் நன்றாகத்தான் இருந்தது, வெட்கக்கேடு. போன செவ்வாய்க்கிழமை அதை எடுத்துக்கொண்டு எர்சீலியா வீட்டுக்குப் போனேன். வெந்த பூசணிக்காயை மசித்துக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உதடு அசைய அசையப் படித்தாள்.

“அர்ஜென்டினாவா? அடப்பாவி, எனக்கு பஸ்ஸுல ஏறினாலே தலை சுத்தும்.”

“கதைதானே.”

“ஓர்னெல்லா வெச்சான்னு போட்டிருக்க. அவ வைக்கல.”

“உனக்கெப்படித் தெரியும்?”

“அவளாவது, ஊதாவைக் கையால தொடறதாவது! அதைப் பாத்ததும் வெடவெடன்னு நடுங்கினா. பயந்தாங்கொள்ளி அவ, கெட்டவ இல்ல.” காகிதத்தை மடித்து மேசையில் வைத்தாள். “ஒண்ணு சொல்லட்டுமா அடெல்மோ? யாருது யாருதுன்னு யோசிச்சு யோசிச்சு, ஒரு கட்டத்துல அது என்னுதுதானோன்னு எனக்கே ஆயிடுச்சு. எங்கம்மா பெட்டியில அப்படி ஒண்ணு இருந்துச்சோ, நாந்தான் மறந்துபோய்ப் போட்டுட்டு வந்துட்டேனோன்னு. அலமாரியெல்லாம் கொட்டித் தேடினேன். அப்புறம் கண்ணாடியில என் மூஞ்சியைப் பாத்தா நானே சாவியைத் தொட ஆரம்பிச்சுட்டேன்.”

அப்போதே சொல்லியிருக்கலாம். எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன்.

“பூசணிக்காய் வாசனை தூக்குது” என்றேன்.

5

நேற்று இலாரியா ஃபோன் செய்தாள்.

“மாஸ்டர், மூணாவது அங்கத்துல ஆறு பக்கத்தைத் தைச்சு வெச்சிருக்காங்களே, ஏன்?”

“பிரிச்சுப் பாரும்மா.”

அரைமணி கழித்து மறுபடி கூப்பிட்டாள். “இதைப் போயா வெட்டினாங்க? பைத்தியமா பிடிச்சிருந்துச்சு அவங்களுக்கு?”

பாட்டைச் சேர்க்கப் போகிறார்கள். ஒரு சின்னப் பெண் பாடுவாள், நன்றாகவே பாடுவாள். எர்சீலியாவுக்கு எழுபது வயது. நான் எந்த முடிவை எழுதினாலும் அவள் பாடினதாக ஆகாது.

6

வாசகர்களே, உங்களில் ஒருத்தியிடம் மட்டும் பேச வேண்டும். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எர்சீலியா, ஞாயிறு மத்தியானம் மூன்று மணி ஆட்டத்துக்கு உன் தபால்பெட்டியில் டிக்கெட் போட்டது நான்தான். விளக்கு அணைவதற்குள் படித்துக்கொண்டே இந்த வரிக்கு வந்துவிடுவாய் என்று நினைக்கிறேன்.

அந்த மஃப்ளர் என்னுடையது.

குழிக்குள் கீழேயிருந்து குளிர்காற்று அடித்துக் கழுத்து பிடித்துக்கொள்ளும். என் அக்கா கையிலிருந்த நூலில் பின்னிக் கொடுத்தாள். இருட்டுக்குள் நிறம் யாருக்குத் தெரியப் போகிறது என்று கட்டிக்கொண்டேன். அன்று ஒத்திகை அறையில் புழுக்கம், கழற்றி உன் நாற்காலியில் போட்டேன். வாயைத் திறந்திருந்தால் அப்புறம் எந்தத் தியேட்டரும் என்னைக் கிட்டே சேர்த்திருக்காது. பயந்துவிட்டேன். நீ யாருக்கும் பீடை இல்லை. முப்பத்தொரு வருஷமாக அது எனக்குத் தெரியும்.

பக்கத்து இருக்கைக்காரர்கள் கையிலும் இதே பக்கம்தான் இருக்கும். ஊருக்கே தெரியட்டும் என்றுதான் உன் வீட்டில் சொல்லாமல் இங்கே எழுதினேன். சாக்கு என்பாய். சாக்குதான், உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

இதற்கு மேல் எழுத எனக்கு உரிமை இல்லை. நீ எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம். உட்கார்ந்து அந்தப் பெண் பாடுவதைக் கேட்கலாம். மேடைக்கு அடியில் என் குழிக்குப் போகிற சின்னக் கதவு உனக்குத் தெரியும், நேராக வந்து என்னை நாலு சாத்தலாம். எனக்கு ஓட வேறு வழி கிடையாது. ஆட்டம் முடிந்து எல்லாரும் போன பிறகும் நான் உள்ளேதான் இருப்பேன்.