சொத்தை என்று ஒதுக்கிய மூன்று புள்ளிகள்

தாரணிக்கு மாலை ஐந்து மணிவரைதான் கெடு. அதற்குள் ஆய்விதழுக்குப் பதில் போகாவிட்டால் நான்கு வருடம் உழைத்து எழுதிய முதல் ஆய்வுக் கட்டுரை குப்பைக்குப் போய்விடும். பேர் தெரியாத மதிப்பீட்டாளர் ஒருவர் இரண்டே வரியில் கதையை முடித்திருந்தார்: "எஞ்சினை வேகமாக ஓட்டினால் இழப்பு கூடும் என்பது ஊரறிந்த விஷயம். இதில் புதிதாக என்ன இருக்கிறது?"

அந்த மனிதர் சொன்னதில் பொய்யில்லை என்பதுதான் அவளுக்கு எரிச்சல்.

அவளுடைய எஞ்சினில் இருப்பது ஒரே ஒரு அயனி, மின்னேற்றமுள்ள ஓர் அணு. அதை மின்புலக் கூண்டுக்குள் அடைத்து, சூடேற்றி, குளிரவைத்து, இடையிடையே கூண்டை இறுக்கியும் தளர்த்தியும் வேலை வாங்க வேண்டும். எல்லாம் மடிக்கணினிக்குள் ஓடும் கணக்குதான். மெதுவாக இறுக்கினால் துளியும் வீணாகாது, ஆனால் விடிய விடிய ஓட்டினாலும் ஒன்றும் தேறாது. அவசரப்பட்டால் அயனி மிரண்டு குலுங்கும், பாதி வேலை வெப்பமாகப் போய்விடும். வேகம் ஏற ஏற இழப்பும் ஏறுகிறது என்று அவள் வரைபடத்தில் வழவழவென்று ஒரு கோடு போனது.

மூளைதான் ஓடவில்லை, கையாவது ஓடட்டும் என்று மதியம் பூண்டு தரம்பிரிக்க உட்கார்ந்தாள். மலையூரான பூம்பாறையில் பூண்டு வெட்டிய வாரத்தில் யாரும் சும்மா இருக்க முடியாது. அண்ணன் சிவமுருகன் நாலு மணிக்கு ஜீப்பில் மூட்டை ஏற்றி வடுகபட்டிச் சந்தைக்குக் கிளம்ப வேண்டும். அம்மா கருப்பம்மாள் எதிரே உட்கார்ந்திருந்தாள். பெரியது ஒரு பக்கம், சிறியது ஒரு பக்கம், சொத்தையெல்லாம் ஓர் உடைந்த கூடைக்கு.

கையில் ஒரு பூண்டு வந்தது. கோலிக்குண்டு அளவு, பிரிவே இல்லாத ஒற்றைப் பல். எந்தக் குவியலோடும் சேராதது. ஆனாலும் அவள் கை அதைக் கூடையில் போடவில்லை, பக்கத்துக் கிண்ணத்தில் தனியாக வைத்தது. ஒருபல் பூண்டைப் பழனியில் நாட்டுமருந்துக் கடைக்காரர்கள் கேட்டு வாங்குவார்கள், அதை எறிபவர் இந்த ஊரிலேயே கிடையாது.

கை அப்படியே நின்றது. வரைபடத்தில் கோட்டோடு சேராத மூன்று புள்ளிகளைக் கணக்குப் பிழை என்று தூக்கி, 'சொத்தை' என்று பேரிட்ட கோப்புறையில் போட்டது இதே கைதானே?

தாரணி எழுந்து ஓடினாள்.

"ஏத்தா, எங்கிட்டு ஓடுற? சோலி அப்படியே கெடக்கு" என்று கருப்பம்மாள் சொன்னது காதில் விழவில்லை.

மூன்று புள்ளிகளையும் திரும்ப வைத்தாள். மூன்றும் நல்ல வேகத்தில், ஆனால் மூன்றிலும் இழப்பு ஏறக்குறைய பூஜ்யம். அயனியின் ஆட்டத்தை எண்ணிப் பார்த்தாள். முதல் புள்ளியில் கூண்டு இறுகி முடியும்போது சரியாக ஒரு முழு ஆட்டம். அடுத்ததில் இரண்டு. அதற்கடுத்ததில் மூன்று. நிறைகுடத்தோடு வேகமாக நடந்தாலும், தளும்பின தண்ணீர் மட்டத்துக்குத் திரும்புகிற நொடியில் இறக்கி வைத்தால் ஒரு சொட்டும் சிந்தாது. பிழையாவது மண்ணாவது! அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

நடுவில் ஐந்நூறு புள்ளிகள் போட்டுக் கணக்கை ஓட விட்டாள். முக்கால் மணி நேரம் இருப்புக்கொள்ளாமல் திண்டாடினாள். முடிந்தபோது வழவழப்பான கோட்டைக் காணோம். அந்த மூன்று இடங்களிலும் அது தரையைத் தொட்டு எழுந்திருந்தது.

வீட்டில் சிக்னல் கிடையாது, மலைச்சாலை வளைவுக்குப் போனால்தான் கிடைக்கும். மடிக்கணினியோடு ஜீப்பில் மூட்டைகளுக்கு நடுவே ஏறினாள்.

"அண்ணே, வெரசா போ. வளைவுல எறக்கி விடு."

"வெரசா போனா டீசல் குடிக்கும்த்தா."

"குடிக்காத வேகமும் இருக்குண்ணே. இப்பத்தான் கண்டுபிடிச்சேன்."

"அதை மொதல்ல இந்த ஜீப்புக்குச் சொல்லு" என்று சிரித்துக்கொண்டே அழுத்தினான்.

வழியெல்லாம் மடியில் வைத்துப் பதிலை எழுதி முடித்தவள் வளைவில் இறங்கி, மதுரையில் இருக்கும் நெறியாளர் புவனாவுக்குப் படத்தை அனுப்பினாள். இரண்டு நிமிடத்தில் அழைப்பு வந்தது.

"தாரணி, இந்த மூணும் எப்ப வந்துச்சு?"

"ரெண்டு வருசமாச்சுங்க மேடம். சொத்தைன்னு ஒதுக்கிட்டேங்க."

"அதுதாம்மா பேப்பரே. அனுப்பு, உடனே."

நாலு ஐம்பத்திரண்டுக்குப் பதில் போய்ச் சேர்ந்தது. தாரணிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"சரி, அந்த மாதிரி இன்னும் எத்தனை ஒதுக்கி வச்சிருக்க?" என்றார் புவனா.

தாரணி கோப்புறையைத் திறந்தாள். இருநூற்றுப் பதினேழு. வீடு போய்ச் சேரும்வரை பொறுக்கவில்லை, சாலையோரக் கல்லிலேயே உட்கார்ந்து முதலாவதைத் திறந்தாள்.