வேர்க்குழிக் காவல்

விழுந்த மரம் எழுந்து நிற்குமாம். என் தம்பி சொல்கிறான், அதுவும் யாரிடம்? கல்யாணமான நாளிலிருந்து ரொட்டி அடுப்புக்கு முன்னால் நின்று விறகைத் தவிர வேறெதையும் பார்க்காத என்னிடம்.

"அடிமரத்தை இப்போ தொட வேணாம்ணே. வேரோட அவ்வளவு மண்ணு ஒட்டிட்டிருக்கு. இந்தப் பக்கம் பாரம் குறைஞ்சா நிமிர்ந்து பழையபடி குழியில போய் உட்காரும். நீ வேர்க்குழி பக்கமே போகாதே, அண்ணியையும் விடாதே."

"யாருக்குடா காதுல பூ சுத்துற?" என்றேன்.

சிரித்துக்கொண்டே மிஷினைத் துடைக்கப் போய்விட்டான். அந்தச் சிரிப்புதான் எனக்குச் சுருக்கென்றது. பொய் சொல்கிறவன்தான் இப்படிச் சண்டைக்கு வராமல் நழுவுவான்.

புயலில் விழுந்த மரம் அது. எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவான நிலம். தம்பிக்கு மரம் அறுப்பதுதான் தொழில், ரம்ப மிஷின் அவனுடையது. எனக்கு ரொட்டிக் கடை. அதனால் விறகெல்லாம் எனக்கு, சுள்ளியும் சின்னக் கிளையும் அவனுக்கு என்று பேசிக்கொண்டோம். மழைக்காலம் முழுக்க என் அடுப்பு இந்த மரத்தை நம்பித்தான் இருந்தது. விறகு இல்லையென்றால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

நுனியிலிருந்து அறுத்துக்கொண்டே வந்தான். குறை சொல்லக் கூடாது, நல்ல வேலைக்காரன். மிஷின் உறுமும், தூள் பறக்கும், துண்டு தொப்பென்று விழும், நான் உருட்டிக்கொண்டுபோய் அடுக்குவேன். அப்புறம் அடிமரத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டான். படுத்துக்கிடக்கும்போதே என் நெஞ்சு உயரம், ஒரு பொந்து கிடையாது, ஒரு வெடிப்பு கிடையாது. பலகை போட லாயக்கான மரம். அதை அடுப்பில் வைக்க எனக்கே மனசு வராது. அவனுக்கு வருமா?

என் மனைவியிடம் சொன்னேன்.

"தம்பி அப்படிப்பட்ட ஆள் இல்லீங்க. உங்களுக்குத்தான் எதைப் பார்த்தாலும் சந்தேகம். நான் மாவுல உப்புப் போட்டாக்கூட எட்டிப் பார்க்கிறீங்க."

உப்பு விஷயத்தில் எட்டிப் பார்க்கத்தான் வேண்டும். அது வேறு கதை.

நேற்று தம்பி கடைக்கு வந்தான். ரொட்டியை வாங்கிக்கொண்டு வாசலில் நின்று ஃபோன் பேசினான். நான் உள்ளே மாவு மூட்டைக்குப் பக்கத்தில் இருந்தேன்.

"அடித்துண்டு அப்படியே இருக்குங்க. நாளைக்கு மதியம் டிராக்டரைக் கொண்டுவாங்க. அந்த நேரம் அண்ணன் கடையில இருப்பாரு. அவரு இல்லாம இருந்தாத்தான் நல்லது."

கையில் பிசைந்த மாவோடு அப்படியே நின்றுவிட்டேன். அடப்பாவி! கூடப் பிறந்தவன்!

"யாருடா ஃபோன்ல?"

"தெரிஞ்சவர்ண்ணே" என்றான். மேலே கேட்டால் உஷாராகிவிடுவான். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும்.

இன்று மாவு மில்லுக்குப் போவதாக மனைவியிடம் சொல்லிவிட்டு நேரே நிலத்துக்குப் போனேன். ஒளிந்துகொள்ள அங்கே ஒரே இடம்தான். மரம் சாய்ந்தபோது வேரெல்லாம் மண்ணோடு பெயர்ந்து ஒரு சுவர் போல நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் அடிமரம், இந்தப் பக்கம் குழி. குழிக்குள் இறங்கினேன். சேற்றில் இழுபடுகிறதே என்று செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டுக் குந்தினேன். போகாதே போகாதே என்று அவன் சொன்னதெல்லாம் இதற்காகத்தான் என்று நினைத்தேன். இங்கிருந்து பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடுமே!

பைக் வந்து நின்றது. மிஷினின் கயிற்றை இழுத்தான், இருமியது. மறுபடி இழுத்தான், பிடித்துக்கொண்டது.

ரம்பம் மரத்தில் இறங்கியதும் என் காதோரம் இருந்த வேர்கள் நடுங்கின. கழுத்தில் பொலபொலவென்று மண் உதிர்ந்தது. தலைக்கு மேலே எங்கோ 'கிரீச்' என்றது. இழுத்துக் கட்டின கயிறு மாதிரி விறைத்திருந்த ஒரு வேர் என் கண்ணெதிரே தொய்ந்தது. ஒருவேளை நிஜமோ? எழுந்திருக்கப் பார்த்தேன். கால் முழங்கால் வரை சேற்றில் புதைந்திருந்தது. "டேய்!" என்று கத்தினேன். மிஷின் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

சட்டென்று சத்தம் நின்றது.

"அண்ணே!"

நான் இங்கே இருப்பது இவனுக்கு எப்படித் தெரியும்? நான் மில்லுக்குப் போயிருப்பதாகத்தான் ஊரே நினைத்துக்கொண்டிருக்கிறது. இந்தச் சுவர் என்மேல் விழுந்தால் யார் தோண்டிப் பார்க்கப் போகிறார்கள்? மரமும் அவனுக்கு, நிலமும் அவனுக்கு. காலடிச் சத்தம் சுற்றிக்கொண்டு வந்தது. குழியின் விளிம்பில் தம்பி, கையில் மிஷினோடு.

மிஷினைத் தூக்கி அப்பால் எறிந்துவிட்டுக் குப்புறப் படுத்துக் கையை நீட்டினான்.

"செருப்பு..." என்றேன்.

"செருப்பு கிடக்கட்டும், வாய்யா மேல!" என்று கத்தினான். பிறந்ததிலிருந்து என்னிடம் அவன் அப்படிக் கத்தியதில்லை.

என்னைத் தூரமாக நிறுத்திவிட்டு, மிஞ்சியிருந்ததை அறுத்தான். வேர்ச்சுவர் முதலில் ஒருதரம் அசைந்தது. அப்புறம் மொத்தமாகப் பின்னால் சாய்ந்து 'திம்' என்று குழிக்குள் உட்கார்ந்தது. காலடியில் தரை குதித்தது. தூங்கி எழுந்தவன் போல அடிக்கட்டை நேராக நின்றது. குழி இருந்த இடத்தில் ஒரு விரல் நுழைய இடமில்லை. நான் உட்கார்ந்துவிட்டேன்.

டிராக்டர் வந்தது. "எங்கே இறக்கணும்?" என்றான் டிரைவர்.

"அண்ணன் ரொட்டிக் கடையில. அங்கே வச்சுத் துண்டு போட்டுக்கறேன்."

"ஆபத்து, வரவே கூடாதுன்னு சொன்னீங்களே, அந்த அண்ணன் இவர்தானா?"

"ஆமா" என்றான் தம்பி, என் முகத்தைப் பார்க்காமல். "காவலுக்கு வந்திருக்காரு."

செருப்பால் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அதற்குச் செருப்பும் இல்லை.

கடை வாசலில் என் மனைவி என் காலையே பார்த்தாள். "மில்லுக்குப் போனவரு செருப்பில்லாம டிராக்டர்ல வர்றீங்க?"

"மரம் எழுந்து நின்னுடுச்சு அண்ணி. செருப்பு குழிக்குள்ள மாட்டிக்கிச்சு" என்றான் தம்பி.

"ரெண்டு பேருமா சேர்ந்து எனக்குக் காதுல பூ சுத்துறீங்களா?"

"நிஜம்தான்" என்றேன். "என் கண்ணால பார்த்தேன்."

"சரி, உங்க செருப்புக்குக் குழிக்குள்ள என்ன வேலை?"

தம்பி திரும்பிக்கொண்டு, அடிமரத்தைக் கட்டியிருந்த சங்கிலியை அவிழ்க்க ஆரம்பித்தான். நான் என்ன பொய் சொன்னாலும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்திருப்பான். அது தெரிந்ததும் எனக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"இவன் மரத்தை விக்கிறான்னு நெனச்சு ஒளிஞ்சிருந்து வேவு பார்த்தேன்" என்றேன். "ஆனா நான் அங்கே இருக்கேன்னு உனக்கு எப்படிடா தெரிஞ்சது?"

"நீ மில்லுக்குப் போயிருக்கேன்னு அண்ணி சொன்னாங்க. பாதி அறுக்கும்போதுதான் இன்னிக்கு மில்லு லீவுன்னு ஞாபகம் வந்துச்சு." சங்கிலியைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தான். "உன்னைத் தெரியாதாண்ணே எனக்கு? அதான் மிஷினை நிறுத்திட்டுக் குழியை எட்டிப் பார்த்தேன்."