பாம்பு கடித்துச் சாகாத ஊர்

எண்பத்திரண்டில், வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்றோடு சேர்ந்து பாம்புக்கடியை ஆராய ஒரு மருத்துவ பீடப் பேராசிரியர் எங்களூருக்கு வந்தார். ஊர் ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் பாம்புக்கடி மரணம் ஒன்றுமே இல்லை. இருக்காது. வயலில் கடிபட்டு மௌத்தானவரை, டாக்டர்மார் பிரேத பரிசோதனையென்று மையித்தை அறுப்பார்களே என்று நேரே வீட்டுக்குக் கொண்டுவந்து அன்றே அடக்கிவிடுவோம்.

"எங்கட மண்ணுல பாம்புக்கு விஷமே ஊறாது சேர்" என்று நான்தான் அவரிடம் அளந்துவிட்டேன். பத்திரிகையில் என் படத்தோடு வந்தது. பாம்புகள் பத்திரிகை வாசிப்பதில்லை.

அடுத்த அறுவடையில் மருமகன் ஜவுபரைப் புடையன் பாம்பு கடித்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

"விஷ முறிமருந்து இப்ப இஞ்ச அனுப்புறதில்ல. உங்கட ஊருக்குத் தேவையில்லயெண்டு பேப்பருல வந்ததே" என்றார் டாக்டர்.

மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றிய காரிலேயே ஜவுபர் மௌத்தானான். அடக்கத்துக்குத் தூக்கும்போது என் மகள் மைமூனா வாசலை மறித்தாள்.

"அறுத்தாலும் பறவாயில்ல வாப்பா. இவர்ர மௌத்த ஆஸ்பத்திரியில எழுதாமத் தூக்கேலா."

மையித்தை ஊர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு நடந்தோம். ஜவுபரின் பெயரோடு, முன்பு பாம்பு கடித்து நாங்கள் அடக்கிய பதினாறு பேரின் பெயரையும் சொன்னேன். கிளார்க் ஜவுபரின் பெயரை மட்டும் எழுதிவிட்டுப் பேனாவை மூடினார்.

"ஒண்டுக்குத்தான் மையித்து இருக்கு காக்கா. மத்தவங்களயும் கொண்டுவாங்க, எழுதுவம்."