வளைந்த சுவர்

மழை எட்டு மணிக்கு வரும் என்று வானொலியில் சொல்லியிருந்தார்கள். அதனால்தான் ஹார்வி ஸ்லோட்னிக் மேசையைப் பால்கனிக்கு அடியில் கொண்டுபோய்ப் போட்டார்.

மேசையை எங்கே போடுவது என்பது அங்கே சாதாரண விஷயம் இல்லை. யூதர்களின் கூடாரப் பண்டிகையில் ஏழு நாளும் சாப்பாடு குடிலுக்குள்தான். அந்தக் குடிலுக்கு வானமே மேலே இருக்க வேண்டும். மண்ணில் முளைத்து வெட்டப்பட்ட ஏதாவது ஒன்றால் வேய வேண்டும்; ஹார்வி இந்தியானாவில் ஒரு பண்ணையிலிருந்து சோளத்தட்டை ஏற்றி வந்திருந்தார். உள்ளே வெயிலைவிட நிழல் அதிகம் இருக்க வேண்டும், ஆனால் நல்ல மழை பெய்தால் ஒழுகவும் வேண்டும். மரத்தடியிலோ வேறு கூரைக்கு அடியிலோ கட்டினால் அது குடிலே இல்லை.

முப்பத்தொரு வருடம் சிகாகோவின் லிஃப்டுகளைப் பழுது பார்த்தவர் ஹார்வி. இந்த மாதிரி விதிகள் என்றால் அவருக்கு உயிர். எந்த விதியையும் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு காரணம் சுழன்றுகொண்டிருக்கும் என்பார். இந்த முறை அவர் பிரித்துப் பார்த்த விதிக்கு 'வளைந்த சுவர்' என்று பெயர். ஒரு கட்டடத்தின் சுவரையே குடிலின் ஒரு பக்கமாக வைத்துக்கொள்கிறோம்; அந்தச் சுவரை ஒட்டி மேலே வேறு கூரை கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கிறது. அது நாலு முழத்துக்குக் குறைவாக இருந்தால் கூரை என்று கணக்கில் எடுக்க வேண்டாம். சுவர்தான் மேலே போய் உள்பக்கமாக வளைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். குடில் கெடாது.

ஹார்வி பால்கனியை டேப் வைத்து அளந்தார். ஐந்தரை அடி. நாலு முழத்துக்கு உள்ளேதான்.

அந்தப் பால்கனி இருந்த கட்டடத்தில் ஆறு குடித்தனங்கள். புதிதாக வாங்கியவர்கள் வாடகையை இரட்டிப்பாக்கி, முடியாதவர்கள் காலி செய்யலாம் என்று தாள் ஒட்டிவிட்டார்கள். வியாழக்கிழமை கோர்ட்டில் விசாரணை. ஹார்வியின் சபைக்குச் சொந்தமாக ஜெப ஆலயம் கிடையாது. ஜெபத்தையும் போராட்டத்தையும் ஒரே இடத்தில் வைத்துக்கொள்வதுதான் அவர்கள் பழக்கம். இந்த வருடம் குடிலை இந்தக் கொல்லையில் போட்டு, மூன்றாம் நாள் மாலை குடித்தனக்காரர்களோடு உட்கார்வது என்று முடிவாகியிருந்தது. ஹார்வி முப்பது பேருக்குக் காளான் போட்டு பார்லி சூப் வைத்துக் கொண்டுவந்திருந்தார். இரண்டு வருடம் முன்பு மனைவி ஃபிலிஸ் விவாகரத்து வாங்கிக்கொண்டு டூசானுக்குப் போன பிறகு, அவர் சமைத்ததை வேறு யாரும் சாப்பிட்டதில்லை.

மழை வந்தால் குடிலில் உட்கார வேண்டிய கட்டாயம் இல்லை. கஞ்சி கெட்டுப்போகிற அளவு தூறினால் எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம் என்பதும் விதிதான். ஹார்விக்கு அந்த ஒரு விதி மட்டும் பிடிக்கவில்லை. இன்று ஒரு நாளாவது எல்லாரும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். சூப் தீரும்வரை யாரும் எழுந்திருக்கக்கூடாது.

ஆறரை மணிக்கு பெர்னிஸ் வந்தாள். எழுபது வயது, ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். யார் எந்த வேலைக்கு வரவேண்டும் என்ற பட்டியல் எப்போதும் அவள் கையில்தான் இருக்கும்.

"என்ன ஹார்வி, மேசையெல்லாம் ஒரு ஓரமா ஒதுங்கி நிக்குது? ஏதாவது தப்பு பண்ணிச்சா?"

"இடம் நல்லா இருக்கு, பெர்னிஸ். காத்து அடிக்காது."

"நாற்காலிய எண்ணினியா?"

"முப்பது."

"இருபத்திமூணு பேர்தான் எழுதியிருக்காங்க. மிச்சம் ஏழு யாருக்கு? பண்டிகைக்குக் குடிலுக்கு விருந்துக்கு வருவாங்கன்னு சொல்ற முன்னோர், மோசேயும் ஆரோனும் வர்றாங்களா?"

"வந்தா நல்லதுதானே. நிறைய சூப் இருக்கு."

ஏழு மணிக்குக் கொல்லை நிறைந்தது. எல்லாரும் மேசையைச் சுற்றி நெருக்கி உட்கார்ந்தார்கள். பாட்டுப் பாடினார்கள். பிறகு மூன்றாம் வீட்டு ஒஃபேலியா எழுந்து பேசினாள். பத்தொன்பது வருடமாக அங்கே குடியிருப்பவள்.

"என் பொண்ணு இந்தக் கொல்லையிலதான் நடக்கக் கத்துக்கிட்டா. இப்ப முப்பது நாள்ல கிளம்புங்கறாங்க. எங்க கிளம்பறதுன்னு அந்தத் தாள்ல எழுதல. வியாழக்கிழமை ஜட்ஜ் முன்னாடி நிக்கும்போது பின்னாடி திரும்பிப் பார்த்தா யாராவது உக்காந்திருக்கணும். அவ்வளவுதான் நான் கேக்கறது."

யாரோ மூக்கைச் சிந்தினார்கள். சபையின் குருவான ரபி நோகா எழுந்தாள். முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. மழைக்கோட்டுக்கு மேலேயே ஜெபச் சால்வையைப் போட்டிருந்தாள். இந்தப் பண்டிகையில் நட்சத்திரம் தெரிகிற கூரைக்குக் கீழே உட்காருவது எதற்கு என்று சொல்லத் தொடங்கி, வழக்கப்படி கையை மேலே காட்டினாள். காட்டின கை அப்படியே நின்றுவிட்டது.

"ஹார்வி, நட்சத்திரம் எங்க?"

"மேகமா இருக்கு."

"மேகத்துல ஆணி அடிச்சிருக்கே."

எல்லாரும் அண்ணாந்து பால்கனிப் பலகையைப் பார்த்துச் சிரித்தார்கள். ஹார்வியும் சிரித்தார். பிறகு டேப்பை எடுத்துக் காட்டினார். வளைந்த சுவர், ஐந்தரை அடி, அந்தப் பக்கம் சோளத்தட்டைக்குக் கீழே எட்டு அடி திறந்த இடம். எல்லாவற்றையும் நிதானமாக விளக்கினார். ஒரு சின்னப் பிழைகூட இல்லை.

"சரிதான். குடில்ல குத்தமே இல்ல," என்றாள் நோகா. "ஆனா அந்த விதில இன்னொரு பாதி இருக்கு, உங்களுக்குத் தெரியாம இருக்காது. வளைஞ்ச பாகம் சுவர்னு சொல்லிட்டோம். அப்போ அதுக்குக் கீழ உக்காந்திருக்கறவங்க குடில்ல இல்ல. சுவருக்குள்ள உக்காந்திருக்காங்க."

"நான் பத்து நிமிஷமா செங்கல்லா இருந்தேனா?" என்றாள் பெர்னிஸ்.

மறுபடி சிரிப்பு. நோகா மட்டும் சிரிக்காமல் ஹார்வியைப் பார்த்தாள். "ஏன் ஹார்வி?"

"மழை வரும்னாங்க. கூட்டம் கலைஞ்சிடக்கூடாதுன்னுதான். கோர்ட்டுக்கு ஆள் வேணுமே."

அது பொய் இல்லை. ஆனால் அது உண்மையும் இல்லை என்று சொல்லும்போதே அவருக்குத் தெரிந்தது.

நோகா குரலைத் தாழ்த்தினாள். "இவங்க வீடு போகப்போகுது. நாம ஒரு சாயங்காலம் ஒழுகற கூரைக்குக் கீழ இருக்கலாம்னு வந்திருக்கோம். அதையும் நனையாம செஞ்சா எப்படி?"

ஹார்வியே எழுந்து மேசையின் ஒரு முனையைத் தூக்கினார். ஆளுக்கொரு நாற்காலியாக எல்லாவற்றையும் சோளத்தட்டைக்குக் கீழே நகர்த்தினார்கள்.

வானொலி சொன்னதற்கு இருபது நிமிடம் முன்னாலேயே மழை வந்துவிட்டது.

முதலில் தட்டைகளில் சரசரவென்று சத்தம் மட்டும். பிறகு ரொட்டி மேல் ஒரு துளி. நோகா அவசரமாக ஆசீர்வாதம் சொல்லி முடித்தாள். பெர்னிஸின் பட்டியல் பிளாஸ்டிக் உறைக்குள் கைமாறிக் கைமாறிப் போனது. வியாழக்கிழமைக்குப் பத்தொன்பது பேர் எழுதினார்கள். ஒஃபேலியா ஒவ்வொருவர் கையையும் பிடித்து நன்றி சொன்னாள். ஹார்வி சூப் ஊற்றிக்கொண்டே போனார். பன்னிரண்டாவது கிண்ணத்தில் அவர் ஊற்றியதைவிட மழை ஊற்றியது அதிகம்.

"கஞ்சி கெட்டாச்சு!" என்று யாரோ கத்தினார்கள். எல்லாரும் நாற்காலியை மடக்கத் தொடங்கினார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. நனைந்தாயிற்று, ஆள் சேர்ந்தாயிற்று, விதியும் போ என்கிறது.

"பிரமாதமா கட்டியிருக்கீங்க, ஹார்வி."

"அடுத்த வருஷமும் நீங்கதான்."

"சூப் வாசனையே தூக்குது!"

ஒவ்வொருவருக்கும் தலையாட்டினார். இந்த வாரம் மட்டும் சபையில் ஐந்து வீடுகளுக்குக் குடில் கட்டிக் கொடுத்திருந்தார். அங்கேயும் இதே வார்த்தைகள்தான்.

கடைசியாக பெர்னிஸ் குடையை விரித்தாள். தெருவில் அவள் காரில் மூன்று பேர் ஏறி உட்கார்ந்திருந்தார்கள்.

"நீ வரலையா? வழியில விட்டுடறேன்."

"தார்ப்பாய் கட்டணும்," என்று அவர் வாய் தானாகச் சொன்னது. அவள் இரண்டு அடி போய்விட்டாள். "பெர்னிஸ்."

"ம்?"

"கொஞ்ச நேரம் இருந்து ஒரு கிண்ணம் சாப்பிட்டுட்டுப் போயேன்."

"பைத்தியமா? பாரு, அவங்க காத்துட்டிருக்காங்க."

"மேசைய அங்க போட்டது கோர்ட்டுக்காக இல்ல. நீங்க யாரும் போயிடக்கூடாதுன்னுதான். இந்தப் பண்டிகையில நான் இன்னும் யாரோடயும் உக்காந்து சாப்பிடல. இன்னைக்கு மூணாவது நாள்."

பெர்னிஸ் குடையைச் சாய்த்து அவர் முகத்தைப் பார்த்தாள். "என்ன சொல்றே? நாங்கல்லாம் உன்ன யாராவது கூப்பிட்டிருப்பாங்கன்னு நெனச்சோம். வாரம் பூரா ஊர்ல இருக்கற எல்லாக் கொல்லையிலயும் நீதானே நிக்கறே!"

"கட்டி முடிச்சதும் கிளம்பிடுவேன்."

"இருந்து சாப்பிட்டுப் போன்னு ஒருத்தர்கூடச் சொல்லலையா?"

"நன்றி சொன்னாங்க."

பெர்னிஸ் கையிலிருந்த பட்டியலைப் பார்த்தாள். அவள் வீட்டுக் குடிலும் அவர் கட்டியதுதான். தெருவில் ஹாரன் அடித்தது.

"நாளைக்கு நான் மில்வாக்கி போறேன். அக்காவுக்குக் கண் ஆபரேஷன். வியாழன் கோர்ட்டுக்கு வந்துடுவேன். வெள்ளிக்கிழமை எங்க வீட்டுக்கு வா. இரு, எழுதிக்கறேன், இல்லன்னா மறந்துடுவேன்." பட்டியலின் பின்பக்கத்தில், மழைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எழுதினாள். "சூப்பு நீ கொண்டு வரக்கூடாது. வெறுங்கையோட வரணும். வருவியா?"

"வெள்ளிக்கிழமைதானே. வரேன்."

"இன்னைக்கு..." என்று தொடங்கி, மறுபடி ஹாரன் அடிக்கவே, அவர் ஈரக் கையை ஒரு முறை அழுத்திவிட்டு ஓடினாள்.

கார் திரும்பிப் போகிற சத்தம் கேட்டது. பிறகு மழைச் சத்தம் மட்டும். ஹார்வி தார்ப்பாயைப் பிரிக்கவில்லை. பாத்திரத்தின் மூடியைத் திறந்தார். பாதிக்கு மேல் இருந்தது, இன்னும் சூடாகவே இருந்தது. ஒரு கிண்ணம் ஊற்றிக்கொண்டு சோளத்தட்டைக்குக் கீழே ஒரு நாற்காலியை விரித்து உட்கார்ந்தார். மழையில் அங்கே உட்காருவதால் எந்தப் புண்ணியமும் கிடைக்காது. விதி தெரிந்த யாரும் உட்கார மாட்டார்கள்.

மேலே கதவு திறந்தது. குடிலின் விளக்குச் சரத்துக்கு ஒஃபேலியா வீட்டிலிருந்துதான் மின்சாரம்.

"மேஸ்திரி! எல்லாரும் போயாச்சா? விளக்க அணைச்சிடட்டுமா?"

ஆமாம் என்று சொல்லத்தான் வாய் திறந்தது.

"இல்ல," என்றார். "நான் ஒருத்தன் இருக்கேன். இன்னும் கொஞ்ச நேரம் எரியட்டும்."

"சரி, மேஸ்திரி."

கதவு மூடிக்கொண்டது. விளக்கு அணையவில்லை. ஹார்வி கிண்ணத்தின் மேல் ஒரு கையைக் குடையாகக் கவிழ்த்துக்கொண்டு, மெதுவாகச் சாப்பிடத் தொடங்கினார்.